முப்பதாவது வருகை

சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கைக்குச் சொல்லப்பட்ட ஓர் 'ஆம்', நூற்றிருபது கிலோமீட்டர் கடந்து, மறுநாள் காலை பத்தே காலுக்குக் கடைசி பஸ் நிறுத்தத்துத் தொடக்கப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியையான பெரிய டீச்சர் இருபத்தொன்பதாவது பெயரையும் கூப்பிட்டு முடித்து, வருகைப் பதிவேட்டை மூடப்போன நேரம். ஆளில்லாத மூன்றாவது பெஞ்சிலிருந்து "ஆ… ஆம்" என்று கேட்டது. வழியில் பஸ் கிடைக்கவில்லை போலும், குரல் கொஞ்சம் களைத்திருந்தது.

யார் குரல் என்று டீச்சர் யோசிக்கவே இல்லை. 'ஆ'வில் தடுக்கி விழுந்து எழும் அந்தத் திக்கலை அவருக்குத் தெரியாதா? தாய் தகப்பன் போன பிறகு, நாலு வயதிலிருந்து இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. திக்கலை முக்கால்வாசி திருத்தியதும் இதே பள்ளியில், இதே மூன்றாவது பெஞ்சில்தான். இப்போது அவன் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 'அவன்' என்கிறேனே, மரியாதை குறைகிறதா? குறையட்டும்.

விஷயம் இதுதான். முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளுக்கு இனி நிதி இல்லை, மூடிவிடலாம் என்று அந்தக் கோரிக்கையில் ஒரு வரி இருந்தது. இங்கே ஒரு பிள்ளை குறைவு. மூடினால் லாரிகள் பறக்கும் சாலையைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள். அக்கா நாலு பக்கம் பேச்சு எழுதிக்கொடுத்தார். "நான் இருக்கேன்ல அக்கா, எழுந்து நின்னு இல்லைன்னு சொல்றேன்" என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். அவன் எழுந்தால் கூடவே எழ ஆறேழு பேர் காத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் கட்சித் தலைவர் ஒரு வாரியத் தலைவர் பதவியைக் காட்டினார், அவ்வளவுதான். பேச்சு சட்டைப்பையிலேயே கிடந்தது. 'ஏற்போர் ஆம் என்க' என்று சபாநாயகர் சொன்னதும், கும்பலோடு கோவிந்தா என்று இவனும் வாயைத் திறந்தான். குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்று எழுதிவைப்பதில்லை; நூற்றைம்பது தொண்டைக்கு நடுவே தன் தொண்டை யாருக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான், அடப்பாவி.

அன்று டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் வலிக்காதா? பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து, முப்பதாவது வரியில் தம்பியின் பெயரை எழுதினார். வகுப்பு: ஒன்று. காப்பாளர்: அக்கா.

அடுத்த மாதம் பள்ளியை மூட வந்த கல்வி அதிகாரி வருகையெடுக்கச் சொல்லிக் கேட்டார். இருபத்தொன்பது 'உள்ளேன் டீச்சர்', ஓர் 'ஆ… ஆம்'. பெஞ்சைக் குனிந்து பார்த்தார், கையால் தடவியும் பார்த்தார். "சட்டசபையில குரலை வச்சுத்தானே சட்டத்தையே பாஸ் பண்றாங்க? அங்க செல்லுற குரல் இங்க செல்லாதா?" என்று முப்பது போட்டுக் கையெழுத்திட்டார். பள்ளி பிழைத்தது.

அங்கே தம்பிக்கு 'ஆம்' போய்விட்டது. மற்றதெல்லாம் பேசினான், சம்மதம் மட்டும் வாயில் வரவில்லை, தலையும் ஆடவில்லை. டீ வேண்டுமா என்று மனைவி கேட்டால் "இல்லை". "நீ நம்ம ஆள்தானேப்பா?" என்று தலைவர் கேட்டதற்கும் "இல்லை". வாரியப் பதவி வந்த வழியே திரும்பிப் போனது. அடுத்த கூட்டத்தொடரில் எல்லாத் தீர்மானத்துக்கும் அவன் ஒருவனே உரக்க "இல்லை" என்றான். இப்போது சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம்?

கடைசியில் பள்ளி வாசலில் வந்து நின்றான். "அக்கா, கூட்டத்துல நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்குப் போயி… என் குரலைக் குடுத்துடு."

"நானும் உன்கிட்ட ஒரு வார்த்தைதான்டா கேட்டேன்."

"தப்புதான் அக்கா."

"டி.சி. வாங்காம இங்கேருந்து யாரும் போக முடியாது. அதுக்குக் கார்டியன் கையெழுத்து போடணும். மூணாவது பெஞ்சுல இருக்கிற இவனுக்குக் கார்டியன் நான். போடமாட்டேன்."

அவன் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான். டீச்சர் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் வருகிறார்கள், ஐந்தாவது முடித்துப் போகிறார்கள். சில வருடம் எண்ணிக்கை முப்பதைத் தாண்டுகிறது, சில வருடம் அந்த ஒன்றுதான் காப்பாற்றுகிறது. மூன்றாவது பெஞ்சில் உட்காரும் புதுப்பிள்ளைகள் தாமாகவே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்கள். குரல் மட்டும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதற்கு 'இல்லை' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லித்தர டீச்சர் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தார், வரவே இல்லை.

தினமும் மாலை பிள்ளைகள் போன பிறகு, மூன்றாவது பெஞ்சுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"என்னை நெனச்சுப் பார்த்துட்டுத்தான் அதைச் சொன்னியாடா?"

"ஆ… ஆம்."

டீச்சர் ஜன்னல்களைச் சாத்தி, அறையைப் பூட்டிக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குப் போகிறார்.