மடக்கக் கூடாத கால்

அவள் இரண்டு கைகளாலும் அப்பாவின் வலது முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள். அப்படியும் கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

"ஆட்டாதீங்கப்பா."

"நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுது."

வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்த கால். சாப்பிடும்போது ஆடும், தூக்கத்திலும் ஆடும். அந்தத் தொடை இடுக்கில்தான் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாக இதயம்வரை கம்பி விட்டிருந்தார்கள். இப்போது அங்கே தடித்த கட்டு. ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது, மடக்கினால் ரத்தம் பீறிடும் என்றாள் நர்ஸ். இந்த வார்டுக்குள் வெளியாட்களை விடுவதில்லை. காலின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களே வந்து புடிங்க" என்று இவளை விட்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். களைத்திருந்தாலும் முகத்தில் திருப்தி.

"முழு அடைப்பு. முன்பக்கமா கம்பி நுழையவே இல்ல. பக்கத்துக் குழாய்லேர்ந்து உடம்பே சின்னச் சின்னக் கிளை விட்டிருந்துச்சு. அது வழியா சுத்திப் போய், பின்பக்கத்துலேர்ந்து திறந்தோம். ஸ்டென்ட் வச்சாச்சு, நல்லா ஓடுது."

அவர் போனதும் அப்பா சிரித்தார். "நூல் இந்தப் பக்கம் போகலைன்னா நானும் ஊசியத் திருப்பிப் புடிச்சுப் பார்ப்பேன்."

"போகுமா?"

"எங்க? உங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் கோத்துக் குடுப்பா."

அந்தக் கிளைகளே போதும், மாத்திரையில் ஓட்டலாம் என்று சொன்னவன் அண்ணன். அப்பாவும் அவன் கட்சிதான். ஆனால் மாடிப்படி பாதியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்த்தவள் இவள். திறந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அண்ணன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

"செக்கரம்மா," என்றார் அப்பா. அவள் ரெடிமேட் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்ப்பவள். "பாஸா, தள்ளுபடியா?"

"காலை ஆட்டினா தள்ளுபடி."

"நாளைக்கு ஒரே மூச்சுல மாடி ஏறிக் காட்டுறேன், பாரு."

பிறகு கொட்டாவி விட்டார். இன்னொரு தடவை விட்டார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் முழங்காலைப் பிடித்தாள். அப்பாவின் கண்கள் செருகின. ஆட்டம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது.

"ஒருவழியா சொன்ன பேச்சு கேக்குறார், சிஸ்டர்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே திரும்பினாள். காலைப் பார்க்கவில்லை, மேலே இருந்த திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அதற்குள் திரையும் கத்த ஆரம்பித்தது. நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

"கையை எடுங்க."

"காலை மடக்கிடுவாரு, சிஸ்டர்."

"எடுங்கம்மா!"

திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

டாக்டர் வெளியே வந்தபோது அண்ணனும் வந்திருந்தான். "கம்பி போன வழியில எங்கயோ கசிஞ்சிருக்கு. இதயத்தைச் சுத்தி ரத்தம் கட்டி நெருக்கிடுச்சு. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தோம். காப்பாத்த முடியல."

"அந்தக் குழாய்?" என்று கேட்டாள்.

"அது திறந்துதான் இருந்துச்சு."

ஆம்புலன்சில் ஸ்ட்ரெச்சருக்கு ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப்பக்கம் அவள். அவன் சொல்லப்போவதை எதிர்பார்த்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி, பார்க்க ஒன்றுமில்லை.

குண்டும் குழியுமான சாலைக்கு வண்டி திரும்பியது. போர்வைக்குள் அப்பாவின் வலது பாதம் ஆடத் தொடங்கியது.

"கால் ஆடுது பாரு," என்றான் அண்ணன். "புடிச்சுக்கோ."

அவள் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டு வாசல்வரை அது ஆடிக்கொண்டே வந்தது.