ஓடாத முதல் கட்டம்

அன்றைய முகாமில் கடைசி ஆள் சுடலையாண்டி. குற்றாலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் பரிசோதனை. அவர் உள்ளூர் ஆட்டோக்காரர், முகாம் நாட்களில் ஹம்னாவைத் தென்காசியிலிருந்து ஏற்றி வந்து, வேலை முடியும்வரை வாசலிலேயே கிடப்பார். அவருக்கும் சர்க்கரை உண்டு. "கண்ணுல எனக்கு ஒரு கோளாறும் இல்லம்மா" என்று நழுவியவரை, "சும்மா வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலியில் உட்கார வைத்ததே அவள்தான்.

விழித்திரைப் படத்தைச் படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் சென்னை சர்வருக்கு அனுப்பிப் பதில் வாங்குவது ஹம்னாவின் வேலை. நோய் உண்டு என்று வந்தால் திருநெல்வேலி டாக்டரிடம் அனுப்புவார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்த்தால் போதும். லேப்டாப்பில் நோட்புக் என்கிற நிரல் பக்கம் ஒன்று திறந்திருக்கும். அதில் மூன்று கட்டங்கள். முதலாவது படத்தை எடுக்கும், இரண்டாவது அனுப்பும், மூன்றாவது பதிலைக் காட்டும். ஒவ்வொரு ஆளுக்கும் முதல் கட்டத்தில் படத்தின் எண்ணை மாற்றிவிட்டு மூன்றையும் வரிசையாக ஓட்ட வேண்டும். இதற்கு முறையாக ஒரு செயலி செய்துவிடலாமே என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். நோட்புக்கே போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. அந்த நினைப்பு அவளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"நோய் இல்லை, 0.9731" என்று வந்ததைப் படித்துக் காட்டினாள். எண் ஒன்றை நெருங்க நெருங்க, சர்வருக்கு அவ்வளவு நிச்சயம் என்று அர்த்தம்.

"பாத்தியா, நாந்தான் சொன்னேம்லா" என்று சிரித்துக்கொண்டே சுடலையாண்டி ஆட்டோவைக் கிளப்பினார்.

நான்கு மாதம் கழித்து, சாரல் தொடங்கிய வாரத்தில், முகாமுக்கு அழைத்துப்போக அவர் வரவில்லை. போன் செய்தாள்.

"வலது கண்ணுல மசி கொட்டுன மாதிரி ஆயிட்டும்மா. திருநெல்வேலிக்குப் போனோம். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லுதாவ. ரெண்டு மூணு மாசம் முந்தியே வந்திருக்கணுமாம். நீ நல்லாருக்குன்னு சொன்னியா, அந்தத் தைரியத்துல இருந்துட்டேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை வதைத்தது.

சர்வர் பொய் சொல்லிவிட்டது என்ற ஆத்திரத்தோடுதான் அந்த முகாம் நாளின் நோட்புக்கைத் திறந்தாள். முதல் கட்டத்தில் 38 என்று இருந்தது. அவருடைய எண்தான். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும், அது எத்தனையாவதாக ஓடியது என்று ஒரு எண் விழும். முதல் கட்டத்தின் ஓரத்தில் 109. இரண்டாவதில் 112. மூன்றாவதில் 113.

109, 110, 111 மூன்றும் அவருக்கு முன்னால் வந்த பாலம்மாளுக்காக ஓடியவை. 112 முதல் கட்டத்தில் விழுந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, அந்தக் கட்டத்தை ஓட்டாமலே அடுத்ததை ஓட்டியிருக்கிறாள். ஓட்டினால்தான் புது எண் உள்ளே ஏறும். திரையில் சுடலையாண்டி, லேப்டாப்பின் நினைவில் பாலம்மாள். பாலம்மாளின் கண்ணே இரண்டாம் தடவையும் போயிருக்கிறது. பதிவேட்டைப் புரட்டினாள். பாலம்மாளுக்கும் அதே 0.9731. அடுத்தடுத்த வரியில் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

நோட்புக்கை நகல் எடுத்து, அதில் 38-ஐ முறையாக ஓட்டினாள். "நோய் உண்டு, 0.9402." சர்வர் பொய் சொல்லவில்லை. அதனிடம் அவள் கேட்கவே இல்லை.

பழைய நோட்புக்கில் பதில்களையும் ஓரத்து எண்களையும் அழிக்க ஒரே ஒரு அழுத்து போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அழிக்காமலே லேப்டாப்பை மூடிவிட்டு, குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

சுடலையாண்டி வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே ஆட்டோவைப் படுதா போட்டு மூடியிருந்தது.

"அண்ணாச்சி, தப்பு எம்மேல. உங்க படத்த நான் அனுப்பவே இல்ல. உங்களுக்கு முந்தி வந்தவங்க பதில உங்களுக்குச் சொல்லிட்டேன்."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப அந்தப் பொம்பளைக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. அது அவங்களுக்கு உள்ள பதிலுதான்."

"அந்தமட்டுக்கும் நல்லது" என்றார். பிறகு, "நான் பாட்டுக்கு வாசல்ல கெடந்தேன். கூப்புட்டு உக்கார வச்சியே..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். ஹம்னாவுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

வெளியே மழை இறங்கியது. அவள் எழுந்தாள். பழக்கம் அவரையும் எழுப்பிவிட்டது.

"மழ வலுக்குது. பஸ்ஸுக்கு நிக்காத, கொண்டு விடுதேன்."

தலையைத் திருப்பாமலே, வலது பக்கம் சாவி தொங்கிய ஆணிக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரைத் தடவியது அவர் கை. ஹம்னா சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கை தானாகக் கீழே இறங்கும்வரை நின்றாள்.