பெயர் எழுதாத தீப்பெட்டி

சிகரெட்டுக்கு வரி ஏறியபோது அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் என்னைப்போலச் சந்தோஷப்பட்டவள் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். என் வீட்டுக்காரர் சிவபிரகாஷ் தட்டில் இருந்த சப்பாத்தியைப் பார்த்தபடியே, "வால்யூமைக் குறை, காது போயிரும்" என்றார். போகட்டும் என்று இன்னும் இரண்டு புள்ளி கூட்டினேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அழுது பார்த்தேன். கரடியாய்க் கத்திப் பார்த்தேன். பட்டினி கிடந்து பார்த்தேன். முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் சத்தியம் வாங்கினேன். செருப்பு மாட்டுவதற்குள் அந்தச் சத்தியம் புகையாகப் போனது. மகள் கவிப்ரியா பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட ஜன்னல் ஓரமாக நின்று ஊதிய மனிதர் அவர். இப்போது அவளும் படிக்க மெயின்லேண்ட் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய சிகரெட்டும்தான் மிச்சம்.

அவருக்கு போர்ட் பிளேயரில் கிளார்க் வேலை. காலையில் எங்கள் ஊர்ப் படகுத்துறையான ஜெட்டியில் ஃபெரி ஏறி அக்கரையில் சாத்தாமில் இறங்கி ஆபீஸ் போவார், சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். வரி ஏறிய கொஞ்ச நாளில் அவருடைய சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைப் பார்த்தேன், சிகரெட் பாக்கெட் இல்லை. நாற்றமும் பாதியாகக் குறைந்திருந்தது. கேட்டதற்கு, "கட்டுப்படி ஆகல. கம் பண்ணிட்டேன், பாதியாக் கொறச்சாச்சு" என்றார்.

நான் கோயிலில் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. ஏனென்றால் யோசிக்க யோசிக்க எனக்கு வயிறு எரிந்தது. கட்டினவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள், காதில் ஏறவில்லை. டெல்லியில் முகம் தெரியாத எவனோ ஒரு கையெழுத்துப் போட்டதும் பாதியாகக் குறைத்துவிட்டாராம். பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரியின் புருஷன் பரவாயில்லை. பாட்டில் விலை ஏறினாலும் அரசுக் கடை வரிசையில் அதே இடத்தில் நிற்கிறான், பெண்டாட்டிக்கும் அடங்கவில்லை, அரசாங்கத்துக்கும் அடங்கவில்லை. என் ஆளுக்கு என் பேச்சைவிட அரசாங்கத்தின் பேச்சு பெரிதாகப் போய்விட்டது. அரசாங்கத்தின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

அந்தப் பொறாமைகூட அதிக நாள் நீடிக்கவில்லை. உமா மகேஸ்வரி போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். அவளும் அதே ஃபெரியில்தான் போய் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்னோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அண்ணன் எங்கக்கா கொறச்சாரு? காலையில பாதி, சாயங்காலம் பாதி. மிச்சப் பாதிய மரகதம் தீதி கடையில வெச்சுட்டுத்தானே போட் ஏறுறாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஃபெரியில் ஊதக் கூடாது. முன்பெல்லாம் ஃபெரி வந்துவிட்டால் பற்றவைத்த சிகரெட்டைக் கடலில் வீசிவிட்டு ஓடுவார்கள். விலை ஏறின பிறகு வீச மனசு வரவில்லை. ஜெட்டி முனையில் பான் கடை வைத்திருக்கும் மரகதம் இதற்கு ஒரு வழி செய்தாள். பாதி குடித்ததை வாங்கி, நெருப்பு முனையைக் கத்திரியால் நறுக்கிவிட்டு, காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு, மேலே பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறாள். சாயங்காலம் இறங்கி வருகிறவர்கள் அவரவர் தீப்பெட்டியை வாங்கி, மிச்சத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதற்குக் காசு கிடையாது. இப்போது ஃபெரியில் போகிற ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே தீப்பெட்டி இருக்கிறதாம்.

முதலில் சிரித்தேன். மீனைக் கழுவி உள்ளே கொண்டுபோகும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இவர் வாய் வைத்த ஒன்றை இன்னொரு பெண்பிள்ளை கையில் வாங்குகிறாள், நறுக்குகிறாள், பகல் முழுக்கப் பத்திரமாக வைத்திருக்கிறாள், சாயங்காலம் திரும்ப எடுத்துக் கொடுக்கிறாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, கட்டினவளுக்குத் தெரியவில்லை. குழம்பில் அன்றைக்கு உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் மத்தியானம், அவர் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஜெட்டிக்குப் போனேன். மை தீட்டின கண்ணும் மல்லிகைப் பூவுமாக ஒருத்தி இருப்பாள் என்று நினைத்துப் போனேன். மரகதத்துக்கு என் வயதுதான் இருக்கும். நைட்டியின் மேல் ஒரு துண்டு, ரப்பர் பேண்ட் போட்ட முடி, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலான பல். அழகியாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அழகு என்றால் காரணம் தெரிந்துவிடும்.

"என்ன வேணும் பாபி?" ஹிந்தி கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணிக்குப் பாபிதான்.

"சிவபிரகாஷ் வெச்ச சிகரெட்டக் குடுங்க. நான் அவரு வீட்ல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அரே, இந்திராணி பாபியா! உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

என் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எத்தனை தடவை என்று எனக்கு ஞாபகமில்லை. "இந்தா" என்பார், "கேக்குதா" என்பார். இங்கே வந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"உக்கார வரல. சிகரெட்டக் குடுங்க."

"அது முடியாது பாபி. வெச்சவங்க கையிலதான் குடுப்பேன். போன வாரம் ஒரு ஆளோட பீவி வந்து வாங்கிட்டுப் போயி சமுந்தர்ல வீசிட்டா. அவரு சாயங்காலம் வந்து எங்கிட்ட படா ஜகடா, ஒரே சண்டை."

"நான் அவரு பொண்டாட்டி."

"மாலும் பாபி, தெரியுது. ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

அவளுக்குப் பின்னால் அலமாரியில் தீப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரு பெயர். முருகானந்தம், தம்பையா, ராஜசேகர், டிரைவர் பாபு என்று படித்துக்கொண்டே போனேன். ஓரத்தில் இருந்த ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை.

"அவரோடது எங்க?"

அவள் அந்த எழுத்தில்லாத பெட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுல மட்டும் ஏன் பேர் எழுதல?"

"அவரோடதுதான் எனக்குத் தெரியுமே பாபி."

கள்ளம் இல்லாமல்தான் சொன்னாள். கள்ளம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முடியைப் பிடித்திருப்பேன். இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நான் சிகரெட்டுக்காகக் கோபப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சமாதானமாகச் சொன்னாள்: "டென்ஷன் ஆகாதீங்க பாபி. மாயாபந்தர் போறதுக்குள்ள இதையும் விட்டுருவேன்னு சொல்லியிருக்காரு."

"மாயாபந்தரா?" வடக்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர் அது.

வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "ட்ரான்ஸ்ஃபர்... வீட்ல சொல்லலியா?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோக்காரன் கூப்பிட்டும் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அந்த அழுகையை ஆட்டோக்காரனுக்குக் காட்ட எனக்கு மனசில்லை.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன். "மாயாபந்தருக்கு எப்பப் போறீங்க?"

இரண்டாவது செருப்பைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆர்டர் வரல. பேச்சுதான் நடக்குது."

"நடக்குற பேச்சு பான் கடைக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா? நான் யாரு இந்த வீட்ல? சோறு போடுற மெஷினா?"

"அங்க போனியா?"

"ஏன், போகக் கூடாதா? அவகிட்ட மட்டும் என்னத்துக்குச் சொன்னீங்க?"

"அவ எதுவும் கேக்கல. பாதி சிகரெட் முடியுற வரைக்கும் அங்க நிக்கணும்ல, நிக்கிறப்ப ஏதாச்சும் பேச்சு வரும்." அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "உங்கிட்டச் சொன்னா என்ன ஆகும்னு பாரு."

உமா மகேஸ்வரியும் அவள் புருஷனும் என் சத்தம் கேட்டுத் தங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். பாதி சிகரெட் முடிகிற வரைக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. நின்றால் பேச்சு வருகிறது. பாதி அவளிடம் இருப்பதால்தானே சாயங்காலம் அங்கே போய் நிற்கிறார்? முழு பாக்கெட் சட்டைப்பையில் இருந்தால் அந்த அலமாரிக்கு என்ன வேலை? வீட்டிலேயே ஊதட்டும். அந்தப் பேச்சும் வீட்டிலேயே வரட்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் எங்கள் ஊர் பஜாரில் அவர் குடிக்கிற பிராண்ட் பேரைச் சொல்லி ஒரு பாக்கெட் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கா பாபி?" என்றார். "எனக்குத்தான், கொடு" என்றேன். அந்த விலைக்கு நல்ல சுர்மை மீனாக, வஞ்சிரமாக வாங்கி இரண்டு நாள் குழம்பு வைத்திருக்கலாம். சிகரெட்டை வீட்டைவிட்டு விரட்டப் பாடுபட்டவள், புதிய விலையைக் கொடுத்து நானே முந்தானைக்குள் வைத்து எடுத்து வந்தேன்.

டீயோடு சேர்த்து அந்த பாக்கெட்டையும் அவர் முன்னால் வைத்தேன். "குடிங்க. இங்கயே. முழுசா."

அவர் பாக்கெட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தபியத் சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். குடிங்க."

பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். புகை நேரே என் முகத்துக்கு வந்தது, முகத்தைத் திருப்பவில்லை. பாதி வரை வந்தார். இப்போது பேச்சு வரும் என்று காத்திருந்தேன். முக்கால் ஆனது. பஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

"ம்?" என்றேன்.

"என்ன?"

"ஏதாச்சும் சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?" கொஞ்சம் யோசித்தார். பாவம், நிஜமாகவே தேடினார். "காத்து மாறுது போல" என்றார்.

அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. கிடைத்தவரை லாபம் என்று எடுத்துக்கொண்டேன். "இனிமே அங்க பாதிய வைக்க வேண்டாம்ல?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

ஜெயித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? காலையில் சாப்பாட்டுப் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கொஞ்சம் பின்தங்கி நானும் ஜெட்டிக்குப் போனேன். ஃபெரியில் ஏற்றுவதற்காக நின்ற லாரி ஒன்றின் பின்னால் நின்றுகொண்டேன். மரகதம் கடையில் கூட்டம். ஆளாளுக்குப் பாதியை நீட்ட, அவள் கத்திரியும் கையுமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த பாக்கெட்டை எடுத்தார். அவள் எதிரிலேயே ஒன்றைப் பற்றவைத்து, என் பெண்டாட்டி வாங்கிக் கொடுத்தாள் என்று சொல்வார், அவள் முகம் சுருங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாக்கெட்டை அவள் முன்னால் பலகையில் வைத்தார். ஏதோ சொன்னார். அவள் அதைத் திறந்து, உள்ளே இருந்தவற்றைச் சில்லறையில் விற்கிற டப்பாவில் சேர்த்தாள். பிறகு அலமாரி ஓரத்திலிருந்து எழுத்தில்லாத தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் அதிலிருந்த பாதியை, முந்தின நாள் சாயங்காலம் அவர் வாங்காமல் விட்டதாக இருக்கும், குப்பைக் கூடையில் தட்டினாள்.

அதற்கப்புறம் அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். பலகையில் முழங்கையை ஊன்றினார். பேச ஆரம்பித்தார். கையில் சிகரெட் இல்லை, வாயிலும் இல்லை. அவள் மற்றவர்களுடையதை நறுக்கிக்கொண்டே தலையாட்டிக் கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்து எதையோ அளந்து காட்டினார். பேசும்போது இவருக்குக் கை ஆடும் என்பது எனக்குத் தெரியாது. நடுவில் சிரித்தார். அடுத்து அவளும் சிரித்தாள்.

சிகரெட்டுக்காக நிற்கிறார் என்றால் அதற்கு வரி உண்டு, விலை உண்டு, சண்டை போட நான் உண்டு. சும்மா நிற்கிற மனிதரை நான் என்ன செய்வேன்? நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டது என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, மனிதர் விட்டுவிட்டார். லாரியின் சூடான தகரத்தில் கை வைத்தபடி நின்றுகொண்டு, அவர் ஒரே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.