கை கழுவுகிற படி வழுக்கும்

"ஆகும்பே மேல எங்கியும் சாப்புடாதீங்க, மாப்ள. பசிச்சாலும் பொறுத்துகினு மலைய எறங்கிடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். தறிக்குழிக்குள் உட்கார்ந்தபடி, கையை நிறுத்தாமல், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்.

கல்யாணம் முடிந்து பதினாறாம் நாள் அது. மகள் தேவிப்ரியாவும் மாப்பிள்ளை ராஜ்குமாரும் முள்ளிப்பட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காரில் கிளம்பி, பெங்களூரில் ஒரு ராத்திரி தங்கி, மேற்கு மலையில் ஏறி அந்தப் பக்கம் கடலோரமாக ஒரு வாரம் சுற்றுவதாகத் திட்டம். இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எந்த ஊரில் எந்த ஓட்டல், எதற்கு எத்தனை ஸ்டார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீரபாகு இப்படி நடுவில் பேசுகிற ஆளே இல்லை. சம்பந்தி வீட்டில் தாம்பூலம் மாற்றின அன்றைக்கே மொத்தமாக ஆறு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"மேல இருக்கறதெல்லாம் டூரிஸ்ட்டு கடைங்க. காலைல சுட்டத மத்தியானம் சூடு பண்ணிக் குடுப்பான். கீழ எறங்கி, உடுப்பி தாண்டி, குந்தாப்புரா தாண்டிப் போங்க. ரோட்டுக்கு ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் ஆறு. அது முடியற எடத்துல பெரிய பலாமரம் நிக்கும். போர்டு கீர்டு கெடையாது, ஓட்டு வூடு. அங்கதான் மீன் சாப்பாடு. செவப்பா ரசம் மாரி ஒண்ணு எடுத்தாருவாங்க. மொத தபா வாணாம்னுடுங்க. ரெண்டாம் தபா கேளுங்க, அடில இருக்கறத கலக்கி ஊத்துவாங்க. பின்னால கை கழுவப் போறப்ப மட்டும் பாத்துப் போங்க. அந்தப் படி வழுக்கும்."

எனக்குச் சந்தேகப் புத்தி என்று இந்தத் தெருவே சொல்லும். சொல்லட்டும். பால்காரன் ஊற்றும்போது சொம்புக்கு மேல் குனிந்து நிற்கிறவள் நான்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் இருபத்தேழு வருஷத்தில் இந்த மனிதர் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்பட அவரிடம் ஒன்றுமே இல்லை. வீடு, தறி, அமாவாசைக்கு அமாவாசை வந்தவாசியில் தங்கை வீடு. கடலைப் பார்த்ததே மெட்ராஸில் ஒரே ஒரு தரம், அதுவும் என்னோடு. அந்தப் பக்கத்து மலை எங்கே, இவர் எங்கே?

"ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வீடியோதான். இன்னா பெரிய சிதம்பர ரகசியம்" என்றார்.

நியாயமான பதில்தான். காலை ஏழிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தறிக்கம்பத்தில் போனை மாட்டி வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற பையன்களுடைய வீடியோவைத்தான் ஓட்டுவார். பார்க்கிறாரோ இல்லையோ, காதில் விழுந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். தேவிப்ரியா, "அப்பா செம்ம பா" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். மனசுக்குள் மட்டும் அந்தப் படி இருந்தது. எந்த வீடியோக்காரன் கை கழுவுகிற படி வழுக்கும் என்று சொல்கிறான்? அவனவன் மீனைக் காட்டுவான், எண்ணெயைக் காட்டுவான், வாயில் போட்டுக் கண்ணை மூடி ஆகா என்பான். படியில் வழுக்கினவனுக்குத்தான் படி ஞாபகம் இருக்கும்.

பிள்ளைகள் கிளம்பின பிறகு நான் என் போனில் தேட ஆரம்பித்தேன். குந்தாப்புரா மீன் சாப்பாடு, கடல் ஆறு ரோடு ஓட்டல், இப்படியும் அப்படியும் பேசிப் பேசித் தேடினேன். தார் சுற்றிக்கொண்டே இரண்டு நாளில் நாற்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். இலை இலையாக மீன் வந்தது. பெரிய பெரிய போர்டு வந்தது. போர்டு இல்லாத ஓட்டு வீடு வரவே இல்லை.

அப்போதுதான் பெங்களூர் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே கைத்தறிக் கண்காட்சி என்று சேலைகளைக் கட்டிக்கொண்டு பத்து நாள் போயிருந்தார். அவர் தனியாக அவ்வளவு தூரம் போய்த் தங்கினது அது ஒன்றுதான். தேவிப்ரியா அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இருந்தாள். திரும்பி வந்தவரைப் பார்த்து, "இன்னாங்க இப்டி கறுத்துட்டீங்க?" என்று கேட்டது நான்தான். "அங்க வெயிலு" என்றார். நானும் நம்பி, பன்னீரில் கடலைமாவு குழைத்துக் கொடுத்தேன். கண்காட்சி கூரைக்குக் கீழேதானே நடக்கும்? அங்கே என்ன வெயில்? இதை ஒன்பது வருஷம் யோசிக்காமல் இருந்த என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஓட்டு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். மல்லிகைப்பூ வைத்தவள். கையில் கண்ணாடி வளையல். இவர் உட்கார்ந்தால் கேட்காமலே அடியில் இருப்பதைக் கலக்கி ஊற்றுகிறவள். நான் ஊற்றுகிற ரசத்தை இந்த மனிதர் என்றைக்காவது இரண்டாவது தரம் கேட்டிருக்கிறாரா? தறியில் அவர் கால் மாற்றி மிதிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், இந்தக் கால் அங்கே எந்தப் படியில் நின்றது என்றே தோன்றியது. நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவர் ஆமாம் என்றுவிட்டால்? மகளுக்குக் கல்யாணம் பண்ணி இருபது நாள்கூட ஆகவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

நாலாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தேவிப்ரியா வீடியோ கால் போட்டாள். "அம்மா, அப்பா சொன்ன எடம்! அப்டியே இருக்குது மா!" பலாமரத்தைக் காட்டினாள். ஓட்டுக் கூரையைக் காட்டினாள். பின்னால் போய்க் கை கழுவுகிற இடத்தைக்கூடக் காட்டினாள். பாசி படிந்த கருங்கல் படி ஒன்று ஈரமாகக் கிடந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு போய்த் தறிக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் முகம் எனக்குத் தெரிய வேண்டும். அவர் குனிந்து நெய்துகொண்டே இருந்தார்.

"கடைக்கார அம்மா பேரு ஜலஜாக்கா. அப்பா போட்டோவ காட்னேன். தெரியுமாம் மா!"

தறி நின்றது.

ஜலஜாக்கா திரையில் வந்தாள். அறுபத்தைந்துக்குக் குறையாது. முன்பல் ஒன்று இல்லை. மல்லிகையும் இல்லை, வளையலும் இல்லை. எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அவள் கன்னடத்தில் படபடவென்று பேச, பெங்களூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பட்டு நெய்யறவருன்னு சொன்னாராம், அத்தை. அஞ்சு நாளு மத்தியானமும் சாயங்காலமும் இங்கதான் சாப்புட்டாராம். மொத நாளே படில வழுக்கி வுழுந்தாராம். இவங்க கட்டிகினு இருந்த பொடவையப் பாத்து, இது மிஷின்ல நெய்ஞ்சதுன்னு சொன்னாராம். சாப்ட்டுட்டுக் கடலப் பாத்துகினு உக்காந்திருப்பாராம். இவங்களுக்கு ரொம்பப் பாவமா..."

மாப்பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இன்னா பாவம்? சொல்லுங்க மாப்ள."

"ஒண்ணுமில்ல அத்தை. சிக்னல் சரியா இல்ல."

என்னிடமா? சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறவளிடமா? "சிக்னலு நல்லாத்தான் இருக்குது. நீங்க சொல்லுங்க."

தேவிப்ரியா முகத்தைத் திரையிலிருந்து நகர்த்திக்கொண்டாள். மாப்பிள்ளைதான் சொன்னார். "சம்சாரம் தவறிட்டாங்கன்னு சொன்னாராம், அத்தை. அதனாலதான் இவங்க ஒரு மீன் சேத்து வெப்பாங்களாம்."

ஜலஜாக்கா போனைத் தன் கையில் வாங்கி, கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள். அப்படியொரு சிரிப்பு அவள் முகத்தில். ஏதோ கேட்டாள். இரண்டாவது தரமும் கேட்டாள்.

"ரெண்டாவது கல்யாணமான்னு கேக்கறாங்க" என்று மாப்பிள்ளை முனகினார். "ரொம்ப சந்தோஷமாம். நல்லா இருங்கன்றாங்க."

"ஆமான்னு சொல்லுங்க மாப்ள" என்றேன். "நல்லா பாத்துக்கறேன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். வீரபாகு தறிக்குழியில் இருந்து ஏறவில்லை. பாவு நூலின் மேல் கையை வைத்துக்கொண்டு, பிசிறு எடுக்கிறவர் மாதிரித் தடவிக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

"சேல நாலே நாள்ல வித்துப்போச்சு" என்றார். "மீதி ஆறு நாள் இருந்துச்சி. வூட்டுக்குத்தான் டிக்கெட் எடுக்கப் போனேன். பக்கத்துல ஒரு பஸ்சு நின்னுச்சி. அந்த ஊருதான் போட்டிருந்துச்சி."

"வாணான்னு சொல்லல. போனது போவட்டும். என்னிய எதுக்குச் சாவடிச்ச?" கல்யாணம் ஆனதிலிருந்து அவரை ஒருமையில் பேசினது அன்றைக்குத்தான்.

"எங்க போய் உக்காந்தாலும் கேட்டாங்க, தெய்வநாயகி. தனியாவா வந்த, சம்சாரம் வரலியா, கொழந்தைங்க வரலியான்னு. ரூம் குடுக்கறவன் கேட்டான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் கேட்டான். சொம்மா கடலப் பாக்க வந்தேன்னா ஒருத்தனும் நம்பல. திருட்டுப்பயல பாக்கற மாரி பாக்கறாங்க. அந்த அம்மாவும் கேட்டாங்க. வாய்ல அதுதான் வந்துச்சி. சொன்னப்பறம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"அப்ப என்னிய நெனச்சியா? அங்க உக்காந்துகினு, அந்த மீன துன்னுகினு, ஒரு தபாவாவது நெனச்சியா?"

இதற்கு அவர் பொய் சொல்லியிருக்கலாம். எனக்காக ஒரு பொய்யை எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பாவில் அறுந்திருந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

ஒருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒருத்தி என்றால் போய்ச் சண்டை போடலாம், மண்ணை வாரித் தூற்றலாம், ஊரைக் கூட்டலாம். கடலைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்லுவது? அஞ்சு நாள் இந்த மனிதர் நான் இல்லாமல் நன்றாக இருந்திருக்கிறார். நான் இங்கே மகளுக்கு ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டு, எப்போ வருவாரோ, வேளைக்குச் சாப்பிட்டாரோ என்று கிடந்திருக்கிறேன்.

சேலையை மாற்றிக்கொண்டேன். "எங்க போற?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி ஆரணியில் இறங்கினேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஐம்பது வயசுக்கு நான் தனியாக ஓட்டலில் போய் உட்கார்ந்ததே கிடையாது. பேங்குக்கு வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், பசி காதை அடைத்தாலும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவேன். உள்ளே நுழைந்ததுமே கல்லாவில் இருந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார்.

நாலு பேர் உட்காருகிற மேஜையில் நான் மட்டும் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பேசியது. நரைத்த மீசை வைத்த சர்வர் வந்து, கேட்காமலே எனக்கு ஒரு இலை, எதிரில் ஒரு இலை போட்டார். இரண்டு தம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார்.

"மீன் இருக்குதா?" என்று கேட்டேன்.

"வஞ்சிரம் இருக்குதும்மா. அண்ணன் வண்டி நிறுத்திட்டு வர்றாருங்களா?"

"இல்ல."

"பின்னால வருவாருங்களா? அவருக்கும் சேத்து சொல்லிடட்டுமா?"

பக்கத்து மேஜையில் மறுபடியும் பேச்சு நின்றது. வரமாட்டார் என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் வரமாட்டார் என்று இந்த மனிதர் கேட்பார், முகத்திலேயே தெரிந்தது. என் நாக்கின் மேல் அவர் அங்கே சொன்ன அதே வார்த்தை வந்து நின்றது. நான் அதைத் தேடவே இல்லை. நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது, அதையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தானாக வந்து நின்றது.

சர்வர் சோற்றுக் கரண்டியை எதிர் இலைக்கு மேலே பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டியில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.