தொண்ணூற்றெட்டு

அம்மாவை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லி மாய்கிறார்கள். பெற்ற தாய்க்கு இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தானே என்கிறார்கள். கேட்கும்போது அவர்கள் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும். போடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும், என்ன அடக்கம் பார் என்று.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அவளுக்கு மட்டும் தொற்று. எனக்கும் மனைவிக்கும் ஏழு வயது மகளுக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள். வீட்டிலேயே தனியாக வையுங்கள், தினமும் காலை பத்து மணிக்கு டாக்டர் போனில் கூப்பிடுவார், ஆக்ஸிஜன் தொண்ணூற்றுநான்குக்குக் கீழே போனால் உடனே வண்டி வரும் என்று சுகாதார அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

பின்பக்கத்து அறையை அம்மாவுக்கு ஒதுக்கினோம். நான் ஷாம்பு பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். எதையும் அளந்து செய்வதில் எனக்குப் பெருமை உண்டு. டேப் வைத்துக் கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் அளந்தேன். அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைத் தரையில் ஒட்டிக் கோடு போட்டேன். யாரும் இதைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். சாப்பாட்டுத் தட்டைக்கூடத் துடைப்பக் கட்டையால் தள்ளித்தான் விட்டோம்.

"நான் உள்ளே போய்ப் பாத்துக்கறேங்க. ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன். அத்தைக்கு உடம்பையாவது துடைச்சு விடறேன்" என்றாள் மனைவி.

"குழந்தை இருக்கற வீடு. போறதுன்னா போ, ஆனா அப்புறம் நீயும் உள்ளேயே இருந்துக்கணும்" என்றேன்.

அவள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையின் பெயரைச் சொன்னேனே தவிர, பயம் எனக்கு. பக்கத்துத் தெருவில் என் வயதுக்காரன் ஒருவன் மூன்றே நாளில் போயிருந்தான். அன்றிலிருந்து நான் மூச்சு விடுவதைக்கூட எண்ணிக்கொண்டிருந்தேன்.

விரலைக் கவ்வி ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி ஒன்று வாங்கினேன். வாயைப் பிளந்து கவ்வியதால் மகள் அதற்கு முதலை என்று பெயர் வைத்தாள். பெரிய சிவப்பு எண் ஆக்ஸிஜன், கீழே சின்னதாக இருப்பது நாடித்துடிப்பு. முதல் ஐந்து நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலையை விரலில் கடிக்கவிட்டு ஏலம் போடுபவள்போலக் கத்துவாள்.

"தொண்ணூத்தேழு! போதுமாடா? இன்னும் வேணுமா?"

நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நோட்டில் எழுதிக்கொள்வேன்.

"கோட்டைத் தாண்டிடாதே. தொட்டேன்னா நீ அவுட்டு" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். நான் ஒரு அடி பின்னால் போவேன்.

தொண்ணூற்றேழு தொண்ணூற்றாறானது. ஐந்தாம் நாள் சாயங்காலம் தொண்ணூற்றுநான்கு. டாக்டர் கொடுத்திருந்த எண்ணுக்குச் சொன்னேன். இளம்பெண்ணின் குரல், தொண்டை கட்டியிருந்தது. "அம்மா பேர்ல ஒரு கட்டில் பிடிச்சு வைக்கறேன் சார். காலையில எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள்.

ஆறாம் நாள் காலை அம்மாவால் எழுந்து உட்கார முடியவில்லை. கண்ணாடி எங்கே கிடந்ததோ, அவள் தேடவுமில்லை. படுத்தபடியே முதலையை விரலில் மாட்டிக் கையை என் பக்கமாக நீட்டினாள்.

"நீயே பார்த்துக்கோடா."

கோட்டில் நின்றபடி எட்டிப் பார்த்தேன். சிவப்பாக, தெளிவாக, 98.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "அம்மா, ஏறிடுச்சு! தொண்ணூத்தெட்டு!"

"அப்படியா?" அவள் கொஞ்ச நேரம் வாயால் மூச்சு வாங்கினாள். "அப்போ ஏன்டா இப்படி முட்டுது?"

"எல்லாம் பயம்தான். கண்டதை நெனச்சுக் கலங்கறே. நம்பர் நல்லாத்தான் இருக்கு. சும்மா தொந்தரவு பண்ணாம குப்புறப் படு."

தொந்தரவு என்றுதான் சொன்னேன். அம்மா குப்புறத் திரும்ப முயன்றாள், முடியவில்லை, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டாள்.

"தொண்ணூத்தெட்டா? நல்ல முன்னேற்றமா இருக்கே. மூச்சு விட சிரமப்படறாங்களா?"

"படறேங்கறாங்க. எங்கம்மாவுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம் டாக்டர்."

"அப்போ அந்தக் கட்டிலை இன்னொருத்தருக்குக் கொடுத்துடட்டுமா சார்? இங்க வாசல்லயே காத்துட்டு இருக்காங்க."

"தாராளமாக் கொடுங்க" என்றேன். ஊரான் வீட்டுச் சொத்தைத் தானம் பண்ணுபவன்போல, அம்மாவின் கட்டிலைத் தூக்கிக் கொடுத்தேன்.

மதியமும் 98. "அத்தை முகம் சரியில்லைங்க. உதடு ஒரு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"நம்பர் பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

நான்கு மணிக்கு 58 என்று காட்டியது. ஐம்பத்தெட்டு என்றால் மனிதர் விழித்திருக்கவே முடியாது. அம்மாவோ கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே பாட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. டிவி ரிமோட்டைக் கழற்றி இரண்டு பாட்டரியை எடுத்து, கோட்டில் குனிந்து, அம்மா பக்கமாகத் தரையில் உருட்டிவிட்டேன். இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

அதை எடுப்பதற்கு அம்மா முயற்சி செய்தாள். கட்டில் விளிம்பில் கையைத் தொங்கவிட்டுத் தரையைத் துழாவினாள். நான் கோட்டில் நின்றுகொண்டு, "இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று வழி சொன்னேன்.

அப்போதுதான் மனைவி என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். மாஸ்க் ஒன்றுதான் போட்டிருந்தாள். முதலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அம்மாவைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "வண்டிக்குச் சொல்லுங்க!" என்று கத்தினாள். சொன்னேன். ஐந்து இருபதுக்கு அம்மா போய்விட்டாள். ஆறு மணிக்கு வந்த வண்டி உயிரில்லாத உடம்பை ஏற்றிக்கொண்டு போனது.

நான் போட்ட சட்டம் தவறாமல் மனைவி பதினான்கு நாள் அந்த அறையிலேயே இருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். பாதையெல்லாம் அடைத்துவிட்டதால் வர முடியவில்லை. நீலப் பையில் சுற்றிய அம்மாவைப் போனில்தான் பார்த்தாள். அழுது முடித்தபின் அவளுக்குக் கோபம் வந்தது.

"தொண்ணூத்தெட்டு இருந்தவங்க ஒரே நாள்ல எப்படிடா போவாங்க? மூச்சு முட்டுதுன்னு நீ சொன்னே இல்ல? சொல்லியும் கட்டிலைப் பிடுங்கி வேற ஒருத்தருக்குக் கொடுத்திருக்கா. அந்த டாக்டரைச் சும்மா விடமாட்டேன். நோட்டைப் படம் பிடிச்சு அனுப்பு."

அனுப்பினேன். அப்போது எனக்கும் அந்த டாக்டர்மேல் கோபம் இருந்தது, அது சத்தியம். அக்கா புகார் எழுதிப் போட்டாள்.

அம்மா போன இருபதாம் நாள் மகள் டாக்டர் விளையாட்டு விளையாடினாள். என்னைச் சுவரோரம் சாய்ந்து உட்காரச் சொல்லி, முதலையை என் விரலில் மாட்டி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு எம்பத்தாறு. ஊசி போடணும்."

பதறிப்போய் விரலைப் பார்த்தேன். 98 என்றிருந்தது. கையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். 86. பழையபடி திருப்பினால், 98. "கையை ஆட்டாதீங்க" என்று அதட்டினாள்.

ஒரு தாளை எடுத்து, முதலை காட்டுவதுபோலவே 85 என்று கட்டம் கட்டமாக எழுதித் தலைகீழாகத் திருப்பினேன். 58. பாட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. அம்மா தன் பக்கத்திலிருந்து கையை நீட்டியிருந்தாள், நான் எதிர்ப்பக்கம் நின்று வாசித்திருக்கிறேன். அவ்வளவுதான். லேபிள் தலைகீழாக ஒட்டிய பாட்டிலைப் பொறுக்கி எடுத்துக் கழிப்பதற்குத்தான் பதினாறு வருஷமாக எனக்குச் சம்பளம். நிமிஷத்துக்கு அறுபது பாட்டில் கண் முன்னால் ஓடும், ஒன்று தப்பாது. அம்மாவின் ஒரு விரலைச் சரியாகப் பார்க்க நான்கு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. துக்கம் தாங்கவில்லை பாவம் என்று மனைவி தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அக்காவிடம் ஆரம்பித்துப் பார்த்தேன். "அக்கா, ஒருவேளை நம்பரே தப்பா இருந்திருந்தா..."

"நீ வாயை மூடுடா. யாரையும் விட்டுக் கொடுக்க மாட்டியே! சின்னதுலயிருந்தே நீ அப்படித்தான். நீ மட்டும் கூட இல்லேன்னா அம்மா அனாதையாப் போயிருப்பாங்க" என்று மறுபடி அழ ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ளச் சொல்லி ஒருவர் கேட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புறப்படும்போது மனைவி சொன்னாள்: "அந்த டாக்டர் பொண்ணு பாவம்ங்க. அவ என்ன நேர்லயா பார்த்தா? பார்த்துட்டு நின்னது நாமதானே."

நாம் என்று சொன்னாள். அந்தச் சொல்லில் தன்னையும் சேர்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை. வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இருக்கக் கூடாது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினேன்.

சுகாதார அலுவலகக் கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதிகாரி மேசைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. டாக்டர் எனக்கு முன்பே வந்திருந்தாள். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். மாஸ்க் அழுத்திய தழும்பு மூக்கின்மேல் கறுத்துக் கிடந்தது.

அதிகாரி நோட்டின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "இந்த அளவெல்லாம் நீங்க பார்த்து எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"சரியாப் பார்த்துத்தானே எழுதினீங்க?"

இதைவிட நல்ல இடம் எனக்கு யாரும் அமைத்துக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல சார். ஒரு நாளைக்கு மூணு வேளை எழுதியிருக்கார், இவ்வளவு ஒழுங்கா எந்த வீட்லயும் எழுதல. தப்பு என்னுது. மூச்சு முட்டுதுன்னு சொன்னார். நான்தான் காதுல வாங்கல. அன்னிக்கு எனக்கு நூத்தி நாப்பது வீடு. தொண்ணூத்தெட்டுன்னதும் அப்பாடா, ஒரு வீடு குறைஞ்சதுன்னு நெனச்சேன். வீடியோவுல ஒரு தடவை முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கணும். அது ரெண்டு நிமிஷ வேலை." அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாவை நான்தான் கொன்னுட்டேன் சார். தூங்கவே முடியல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இவங்க ஒப்புக்கறாங்க. நீங்க புகாரைத் தொடர்ந்தா இவங்களை வேலையை விட்டு எடுத்துடுவோம், மேலயும் எழுதுவோம். நீங்க மனசு வச்சா ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம். அப்பவும் அவங்க பேர்ல ஒரு குறிப்பு இருக்கும். என்ன சொல்றீங்க?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் நாளைக்கு அக்காவுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், மகள் வளர்ந்த பிறகு அவளுக்கும் தெரியும். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது.

"போகட்டும்மா. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றேன். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்.