அசுந்தாவின் மூன்று நாள் பயணம்

"பெட்டிய இறக்காதீங்க. வண்டியிலயே இருக்கட்டும்."

புதன்கிழமை கல்லறைத் தோட்ட வாசலில் தெல்மா குறுக்கே நின்றாள். பக்கத்து வீட்டு ஹசிந்தோவின் திறந்த சரக்கு வண்டியில் அவள் அம்மா அசுந்தாவின் சவப்பெட்டி இருந்தது. உள்ளே அப்பாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். பள்ளத்தாக்கு ஊரான கியபம்பாவில் வெயில் காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது.

தம்பி ரோமுலோ வேகவேகமாக வெளியே வந்தான். "என்னக்கா இது? சாமியாரு காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. அம்மா கூஸ்கோ போறாங்க."

சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். தெல்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

ஆறு மணி நேரப் பயணம்தான். அறுபத்தெட்டு வயது வரை அசுந்தா அந்த மலை நகரத்தைப் பார்த்ததில்லை. அவள் பறித்த காப்பி மூட்டை மூட்டையாக மலையேறியது, அவள் ஏறவில்லை. இந்த வருடம் நற்கருணைத் திருநாளுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் திட்டம்கூட எழுதி வைத்திருந்தாள். புதன் போவது, வியாழன் புனிதர்களின் பதினைந்து சப்பரமும் சதுக்கத்தைச் சுற்றுவதைப் பார்ப்பது, வெள்ளி திரும்புவது. கல் பாவிய தெருவில் வழுக்கக்கூடாது என்று கெட்டி அடிவைத்த ஷூ ஒன்று வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து நடந்து பழகினாள்.

"ஒங்க இதயத்துக்கு அந்த ஒசரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போனா பொணமாத்தான் வருவீங்க," என்றிருந்தான் ரோமுலோ.

"ஒசரத்துல செத்தா சாமிக்குக் கிட்டக்க சாவேன். ஒனக்கென்னடா?"

அதற்குப் பிறகுதான் அவளுடைய அடையாள அட்டை காணாமல் போனது. அட்டை இல்லாமல் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அரிசிப் பானைக்குள், மாதா படத்துக்குப் பின்னால், கோழிக் கூண்டில்கூட அசுந்தா தேடினாள். திங்கட்கிழமை மத்தியானம் தெல்மா காய் வாங்கிக்கொண்டு வந்தபோது பெரிய துணிப்பெட்டி திறந்து கிடந்தது. துணியெல்லாம் தரையில் இறைந்திருந்தது. அதன் நடுவில் அம்மா, கையில் ஒரு பழைய பாவாடையைப் பிடித்தபடி, சாய்ந்திருந்தாள். எந்த மலையும் ஏறாமல், சொந்த வீட்டுத் தரையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் சாவைப் பதியப் போனார்கள். அட்டை வேண்டும் என்றார் எழுத்தர். ரோமுலோ தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து மேசைமேல் வைத்தான். தெல்மா பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். நேரே சுகாதார அலுவலகத்துக்குப் போய், உடலை வெளியூர் கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் கடிதம் வாங்கினாள். அம்மாவுக்குச் சாவு உடுப்பான பழுப்பு அங்கி போடச் சொன்ன பெண்களை ஒதுக்கிவிட்டு, பயணத்துக்கு எடுத்துவைத்திருந்த பச்சைக் கோட்டையும் அந்த ஷூவையும் தானே மாட்டிவிட்டாள். வழக்கப்படி செத்தவர் வழியில் தின்ன வறுத்த சோளமும் மெல்லக் கோக்கா இலையும் வைத்தார்கள். அதை மட்டும் தடுக்கவில்லை.

"ஊரு சிரிக்கும்க்கா," என்றான் ரோமுலோ இப்போது. "பொணத்த யாராவது சுற்றுலா கூட்டிட்டுப் போவாங்களா?"

"உசுரோட போக விடலயே நீ."

"வெயில்ல ஒடம்பு என்ன ஆகும்?"

"இங்கதான் ஆகும். அங்க குளிரு, மூணு நாளு தாங்கும். எப்பப் பாரு அந்த ஒசரந்தான் ஆகாதும்ப. இப்ப அதான் தோது."

"நான் விடமாட்டேன்."

தெல்மா அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அட்டை எங்க இருந்துச்சுன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

ரோமுலோவின் முகம் செத்துப்போனது. "நல்லதுக்குத்தான்க்கா எடுத்தேன்," என்றான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பானே, அதே குரல். அவளுக்கு ஆத்திரம் குறையவில்லை. ஆனால் மேற்கொண்டு குத்தாமல் வண்டிப் பக்கம் திரும்பினாள்.

அவள் வண்டியின் முன்பக்கம் ஏறியதும் ஹசிந்தோ கிளப்பினான். பின்னால் ஏதோ தொம்மென்று விழுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். ரோமுலோ தாவி ஏறியிருந்தான்.

வாழையும் காப்பியும் மறைந்து, வளைவுக்கு வளைவு காற்று மெலிந்தது. மலை உச்சிக் கணவாயை அடைந்தபோது பனித்தூறல். பயணிகள் மலைச்சாமிக்குக் கல் வைத்துவிட்டுப் போகும் குவியலுக்கு அருகில் ஹசிந்தோ நிறுத்தினான். தெல்மா இறங்கி ஒரு கல் வைத்தாள். ரோமுலோ இறங்கி நாலடி நடப்பதற்குள் மடங்கி உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அவன் போட்டிருந்தது கியபம்பா வெயிலுக்கான மெல்லிய சட்டை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"தம்பிக்கு ஒத்துக்கலக்கா," என்றான் ஹசிந்தோ. "திரும்பிடலாமா?"

தெல்மா தம்பியைப் பார்த்தாள்.

ரோமுலோ புறங்கையால் வாயைத் துடைத்தான். "யாரு திரும்பச் சொன்னா? போ."

"முன்னாடி வந்து உக்காருடா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். வண்டியின் பக்கவாட்டைப் பிடித்து, இரண்டு தடவை சறுக்கி, மூன்றாம் தடவை ஏறினான். பெட்டியின் தலைமாட்டுக்குப் போய், காற்று அடிக்கும் பக்கமாக முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்.

ஹசிந்தோ கியரைப் போட்டான். வண்டி கூஸ்கோ பக்கமாக இறங்கத் தொடங்கியது.