அப்பப்ப பாத்துக்குங்க

மகன் கதவைத் தள்ளியதும் கீல் கிறீச்சிட்டது. கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

“இன்னும் போகல. கதவைச் சாத்து.”

“மூச்சு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேம்ப்பா.”

“ரயில்ல அத்தனை வருஷம் டிக்கெட் செக் பண்ணினேன். ஒரே ஆளை ஒரே பயணத்துல இத்தனை தடவை எழுப்பினதில்லடா.”

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். எல்லாம் டாக்டர் செய்த வேலை. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று வீட்டுக்கு அனுப்பியவர், “மூச்சு திடீர்னு இறங்கும், தானா ஏறும். கணக்கே கிடையாது. அப்பப்ப பாத்துக்குங்க” என்றிருந்தார். அப்பப்ப என்றால் எப்பப்ப? எட்டிப் பார்த்தால், கெஞ்சி வரவழைத்த தூக்கம் கலைந்துவிடுகிறது. பார்க்காவிட்டால் தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் கை ஓடுவதில்லை. காலையிலிருந்து ஒரே சட்டைக் காலரை இரண்டு முறை கோணலாகத் தைத்துப் பிரித்தாகிவிட்டது.

போன் அடித்தது. அக்கா.

“இப்ப பாத்தியா?”

“இப்பத்தான் பாத்தேன்.”

“இப்பன்னா எப்ப?”

“உசுரை வாங்காதக்கா. பாத்தா அவர் திட்டுறார், பாக்கலேன்னா நீ திட்டுற.”

“நீ பாக்காத நேரத்துல ஏதாவது ஆயிட்டா?”

“பாக்குற நேரத்துல ஆனா மட்டும் நான் பிடிச்சா நிறுத்தப்போறேன்?”

பஸ் இரைச்சலுக்கு நடுவே அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சரி, பாக்குறேன். நீ பத்திரமா வா.”

கோபம் முழுவதும் கீல்மேல் திரும்பியது. அந்தச் சனியன் வாயை மூடினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாமே! மெஷின் எண்ணெயை எடுத்துவந்து, கதவடியில் குந்தி, சொட்டுச் சொட்டாக விட்டான். ஆட்டிப் பார்த்தான். கிறீச்.

“என்னடா நோண்டுற?” உள்ளேயிருந்து குரல்.

“ஒண்ணுமில்ல. தூங்குங்க.”

“கத்துறது மேல் கீலு. கீழ விட்டு என்ன பிரயோஜனம்?”

முணுமுணுத்தபடி ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினான். மேல் கீலில் எண்ணெய் வழிய வழிய விட்டான். கதவை மெல்லத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். துளிச் சத்தமில்லை.

“இப்ப கேக்குதாப்பா?”

பதில் இல்லை. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். மூக்கருகே விரலை வைத்தான். காற்று படவில்லை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, நெடுநேரம் எடுக்கவில்லை.

போன் அடித்தது.

“பாத்தியா?”

“பாத்துட்டேதான் இருக்கேன்க்கா.”

“அப்படியே இரு. நான் வந்துடறேன்.”

போனை வைத்துவிட்டு, அப்பாவின் சட்டையில் மடங்கிக் கிடந்த காலரை விரலால் நீவி நேராக்கினான்.